மெழுகு மணம் ஒத்துவராதவள்

பாண் வாங்க வரிசையில் நின்றபோதுதான் என் கணவரின் படத்தைச் சுவரில் கண்டேன். பேக்கரியின் அறிவிப்புப் பலகையில், காணாமற்போன ஒரு பூனைக்கும் தேவாலயக் கோப்பிக் கூட்டத்துக்கும் நடுவில், தான் வேலைசெய்யும் கடையின் சிவப்பு மேலங்கியோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். கையில் பனியில் சறுக்கும் நீளப் பலகை, ஒரு ஸ்கீ. புதிதாய்ப் பிறந்த பிள்ளையை முதன்முதலாகக் கையில் வாங்கிய தகப்பனைப்போல, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தார். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: 'வசந்தகால ஈரப்பனிக்கு ஸ்கீயின் அடியை வீட்டிலேயே தயார்செய்வது எப்படி? எங்கள் ரூடி செய்து காட்டுகிறார். ஏப்ரல் 12, வெள்ளி, மாலை ஆறு மணி. எல்லோரும் வருக.'

என் ஜெர்மன் அவ்வளவு திறமில்லை. அதனால் இரண்டாம் தரமும் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற பெண், உங்கள் முறை வந்துவிட்டது என்று தோளைத் தட்டினாள். நான் பாண் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். தெருவோரத்தில் பழைய பனி ஊத்தையாக உருகி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஸ்கீயின் அடியில் கோடு கோடாக இழுத்து மெழுகு தேய்த்தது நான். படத்தில் அந்தக் கோடுகள்கூடத் தெரிந்தன.

இவருடைய பெயர் உருத்திரமூர்த்தி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது என்று ப்ரூக்னர் முதல் நாளே ரூடி ஆக்கிவிட்டார். ப்ரூக்னர் ஊர்ச் சந்தியில் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருந்தவர். இவர் அங்கே தரை கூட்டுவார், பெட்டி இறக்குவார், வாடகைக்குப் போய்த் திரும்பிவரும் சப்பாத்துகளுக்குள் மருந்தடித்துக் காயவைப்பார். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, முகாம் முகாமாக மாறி, கடைசியில் தெற்கு ஜெர்மனியின் அல்கோய் மலையடிவாரத்தின் இந்தச் சிற்றூரில் வந்து நின்றவர். நான் தொண்ணூற்றொன்றில் வந்து சேர்ந்தேன். எனக்கு ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஸ்திரிக்கை போடும் வேலை. காலை ஆறு மணியிலிருந்து நண்பகல் வரை படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மேசை விரிப்பும். இரண்டு பேரிடமும் இருந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தருகிற ஒரு தாள். டுல்டுங் என்பார்கள். போகச் சொல்லியாயிற்று, இப்போதைக்குப் பிடித்து அனுப்பவில்லை என்பதுதான் அதன் பொருள். எங்களில் யாருக்காவது நிரந்தர வேலை என்று ஒரு முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

இவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜெர்மன்காரர் எதைக் கேட்டாலும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து 'யா' என்பார். விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது இருக்கிறது. 'இல்லை' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் எங்கேயோ ஒரு அரசாங்கக் கந்தோரில் அதை எழுதிவைத்து, பிறகு விசாவுக்கு வரும்போது எடுத்துக் காட்டுவார்கள் என்ற பயம். தொண்ணூற்றாறு ஜனவரியில் கடைப் பட்டறையில் வேலைசெய்த செப் என்பவர் முதுகெலும்பு விலகிப் படுத்துவிட்டார். ஸ்கீ கழகத்தின் ஸ்கீக்கள் குவிந்து கிடந்தன. ரூடி, உனக்கு மெழுகு போடத் தெரியுமா என்று ப்ரூக்னர் கேட்டார். யா. கடையில் இடமில்லை, வீட்டில் வைத்துச் செய்வாயா? யா. அன்று மாலை பஸ்ஸிலிருந்து நான்கு சோடி ஸ்கீயைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திறங்கினார். நான் சன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் கதவு மூடுவதற்குள் இரண்டு பேரின் தொப்பியைத் தட்டிவிட்டார்.

"இதை என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. அயனாலை தேய்க்கிறதாம். நீர்தானே விடியத் தொடக்கம் அயனோடை நிக்கிறனீர். ஒருக்காப் பாருமன்."

அப்படித்தான் அது என் கைக்கு வந்தது. மெழுகுப் பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு அதை ஒரு மாலை முழுக்க வாசித்தேன். எங்கள் கட்டிடத்தின் கெல்லரில், வாடகைக்காரர் எல்லோரும் துணி துவைக்கும் நிலவறையில், இரண்டு மரக்கட்டைகளை வைத்து அதன்மேல் ஸ்கீயை மல்லாத்தினேன். ஹோட்டலில் எறியக் கொடுத்திருந்த ஒரு பழைய ஸ்திரிக்கைப் பெட்டி என்னிடம் இருந்தது. ஆவித் துளை இல்லாத, தட்டை அடி. மெழுகுக் கட்டியை அதில் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழும். பிறகு பெட்டியை நுனியிலிருந்து வால்வரைக்கும் நிறுத்தாமல் மெதுவாக நடத்த வேண்டும். பெட்டிக்குப் பின்னால் உருகிய மெழுகு ஒரு சாண் நீளத்துக்கு ஈரமாக மினுங்கிக்கொண்டு வந்து பிறகு மங்க வேண்டும். அதற்குமேல் மினுங்கினால் சூடு கூட. புகை வந்தால் ஆபத்து. ஓரிடத்தில் நின்றால் அடி வெந்துபோகும். பிறகு அந்த இடம் ஆயுசுக்கும் மெழுகு குடிக்காது. ஆறவிட்டு, கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டால் மெழுகை வழித்து, பிரஷ் போட வேண்டும். சூட்டை நான் எண் பார்த்து அறிவதில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விருந்தினரின் பட்டுச் சட்டைக்கும் பருத்தி விரிப்புக்கும் மாறி மாறி ஸ்திரிக்கை பிடித்த மூக்கு என்னுடையது.

கன்னத்தை வைத்தால் குளிரும்படி அடியை வழுவழுவென்று ஆக்கினேன். ஜனவரிக் குளிருக்கு அது அருமையாக ஓடியது. மேல்வீட்டில் இருந்த நடாலி, தபால் வண்டி ஓட்டுகிறவள், கழகத்தின் பெண்கள் அணியில் ஓடுகிறவள், தன் ஸ்கீயை நேரே என்னிடமே கெல்லருக்குக் கொண்டுவந்து தந்தாள். எனக்கு அதிலே ஒரு சந்தோசம் பிடித்துவிட்டது. ஹோட்டலில் நான் மினுக்கிய விரிப்பில் யார் படுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே, நான் தேய்த்த பலகையில் ஒரு பெண் மலையிலிருந்து பறந்து வருகிறாள்.

பெப்ரவரிக் கடைசியில் தெற்கிலிருந்து சூட்டுக்காற்று வீசி ஒரே நாளில் பனியெல்லாம் கஞ்சியாகியது. நடாலி ஈரக் காற்சட்டையோடு படியில் நின்றாள். ஸ்கீ ஓடவில்லை, யாரோ கீழிருந்து இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது, இரண்டு தரம் மூக்குடைபட விழுந்தேன் என்றாள். எனக்கு முகம் கறுத்துவிட்டது. இன்னும் மினுக்கினேன். இன்னும் மோசமாக ஒட்டியது.

விடை சலவைக்கூடத்தில்தான் கிடைத்தது. எங்கள் மடிக்கும் மேசை எவர்சில்வர் தகடு. ஈர மேசைவிரிப்பை அதில் போட்டால் தோலைப்போல ஒட்டிக்கொள்ளும். நகத்தால் கிளப்பித்தான் உரிக்க வேண்டும். பக்கத்தில் வரி வரியாக ஒரு பழைய மரப்பலகை கிடந்தது. அதில் போட்ட விரிப்பு ஒரு முனையைத் தொட்டதும் வந்துவிடும். எத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறேன்! அன்றைக்குத்தான் அதைக் கண்டேன். தண்ணீர் ஓடிப்போக இடமில்லாததால்தான் பிடிக்கிறது. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மரத்துண்டில் கரடுமுரடான மணல்தாளைச் சுற்றி, நான் இவ்வளவு நாள் பாடுபட்டு மினுக்கிய அடியில் நுனியிலிருந்து வாலுக்கு நேர்கோடாக இழுத்தேன். கர் என்று சத்தம். சாப்பாட்டுக்கு வந்திருந்த இவர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"விசரே உமக்கு? கடைக்காரன்ரை சாமானப்பா!"

நான் விடவில்லை. கோடுகளைப் போட்டு, ஈரப்பனிக்கான மஞ்சள் மெழுகை உருக்கி ஊற்றித் தேய்த்து, ஆறவைத்து வழித்து, கோடுகளுக்குள் அடைத்த மெழுகு வெளியே வரும்வரைக்கும் விறைத்த பிரஷ்ஷால் தேய்த்தேன். தோள்மூட்டு கழன்று போயிற்று. அடுத்த நாள் நடாலி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். மார்ச்சில் கழகத்தின் பெண்கள் அணி மூன்று ஊர்களை வென்றது. கடையில் எல்லோரும் அந்தக் கோடுகளைப் பற்றியே கதைத்தார்கள் என்று இவர்தான் வந்து சொன்னார். யார் போட்ட கோடு என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

செப் இனித் திரும்பி வரமாட்டார், பட்டறைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும் நான் ப்ரூக்னருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரி. இரண்டு மாலைகள் எடுத்தது. 'மதிப்பிற்குரிய ஹெர் ப்ரூக்னர், உங்கள் ஸ்கீக்களுக்கு வீட்டில் மெழுகு போடுவது நான். எனக்கு இந்த வேலை பிடிக்கும். பட்டறையில் எனக்கு இடம் தருவீர்களா? கலாதேவி உருத்திரமூர்த்தி.' வெள்ளை உறையில் போட்டு இவர் கையில் கொடுத்தேன். மேலங்கியின் உட்பையில் வைத்து, வெளியிலிருந்து இரண்டு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டார். பின்னேரம் வந்து, "குடுத்திட்டன், பாப்பம் எண்டவர்," என்றார். அதன் பிறகு மூன்று கிழமையாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏதாவது சொன்னாரோ என்று கேட்டேன். யோசிக்கிறாராம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முகம் மாறாமல் சொன்னார்.

பேக்கரியிலிருந்து நேரே கடைக்குப் போனேன். இவர் பின்பக்கம் பெட்டி இறக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும், காணவில்லை. ப்ரூக்னர் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"ஃபிராவ் ரூடி! படத்தைப் பார்த்தீர்களா? உங்களுக்குப் பெருமையாக இருக்கும்."

திருமதி ரூடி. கடையில் எனக்கு அதுதான் பெயர்.

"எனக்குத் தெரியும், உங்களுக்கு அது பெரிய தொல்லை. மெழுகு மணம் உங்களுக்கு ஒத்துவராது, தலையிடி வரும் என்று ரூடி சொன்னான். வீட்டில் சண்டைகூட வருமாம். இவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டதற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து அவனுக்குப் பட்டறை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறேன். இனி உங்கள் கெல்லரில் மணம் இருக்காது."

"என் கடிதம் கிடைத்ததா?" என்று கேட்டேன்.

"எந்தக் கடிதம்?"

அந்த முகத்தில் பொய் இல்லை. நல்ல மனிதர். எனக்கு ஒரு சொக்லேட் பெட்டி தந்து வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினார். அதை வாங்கிக்கொண்டு வந்தேனே என்பதுதான் வழியெல்லாம் என்னை அரித்தது. நன்றி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்று பின்னேரம் இவர் வந்து கைகால் கழுவி, புட்டுக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் முன்னால் உட்கார்ந்தபோது சொக்லேட் பெட்டியைச் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கடையின் பெயர் அச்சடித்த நாடா அதில் கட்டியிருந்தது. இவருக்கு விளங்கிவிட்டது. பிசைந்த கை அப்படியே நின்றது.

"கடிதத்தை என்ன செய்தனீங்கள்?"

"இஞ்சேரும், முதலிலை ஆறுதலாக் கேளும்."

"என்ன செய்தனீங்கள்?"

"கிழிச்சுப் போட்டன். பஸ் ஸ்டொப்பிலை." புட்டு ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உமக்கு லோன்றிக்கு மட்டும்தான் வேலை அனுமதி இருக்கு. உம்மடை பேரைச் சொன்னால் அவர் கந்தோருக்குப் புதுசா விண்ணப்பம், அன்ட்ராக், போடோணும். அது மூண்டு மாசம் இழுக்கும். அதுக்குள்ளை ஆரும் ஒரு வெள்ளையனைப் பிடிச்சிடுவார். இப்ப என்ரை பேரிலை நிரந்தர வேலை வருது. விசாவும் வரும், ரெண்டு பேருக்கும்தானே வரும். ஆர்ரை பேரிலை வந்தால் என்ன?"

அதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. முழுப் பொய் என்றால் கோப்பையைத் தூக்கி எறிந்திருக்கலாம்.

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே. கிழிக்க முதல் ஒரு சொல்லு."

"சொன்னால் நீர் விட்டிருப்பீரோ?"

"விட்டிருப்பன். நான் விட்டிருப்பன். நீங்கள் கேக்கேல்லை." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "சரி, பேரை எடுத்தனீங்கள். மணம் ஒத்துவராது எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

குழம்பில் எண்ணெய் ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது.

"ஒருநாள் வீட்டை வந்து நான் எப்பிடிச் செய்யிறன் எண்டு பாக்கட்டோ எண்டு கேட்டவர். வந்தால் உம்மைக் கண்டிடுவார். அதாலை மனுசிக்கு ஒத்துவராது, சண்டை பிடிப்பா, வரவேண்டாம் எண்டு சொன்னன். வாயிலை வந்திட்டுது."

வாயில் வந்துவிட்டதாம். பட்டறைக்கும் விசாவுக்கும் ஆசைப்பட்டு என் பெயரை எடுத்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நான் அந்த மணத்தை வெறுக்கிறேன் என்று சொன்னாரே, அதற்கு எனக்கு மருந்து கிடைக்கவில்லை. ஜனவரி தொடக்கம் என் தலைமயிரில் அந்த மணம்தான். வேலை முடிந்து, அந்தக் குளிர்ந்த கெல்லருக்கு இறங்கி, முதல் சொட்டு மெழுகு உருகும்போது மூக்கில் ஏறுமே, அந்த நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழும்பிப் போனேன். இது இவருக்குத் தெரியாமல் இல்லை. படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு எத்தனை நாள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்! எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆளே என்னை அங்கிருந்து துடைத்து எடுத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டை போடும் ஒருத்தியை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்.

அதற்குப் பிறகு இவர் கேட்டதுதான் பெரிய கூத்து. "வெள்ளிக்கிழமை எல்லாரும் வருவினம். எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு உமக்குத் தெரியும்தானே. ஒருக்கா காட்டித்தாரும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒப்பந்தம் கைநழுவிப்போனால் நானும் சேர்ந்துதான் பெட்டி கட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: சனத்துக்கு முன்னால் யார் நின்றாலும் வேலை பிழையாகக்கூடாது என்று எனக்கு இருந்தது. என் கோடுகள் அவை.

புதன் பின்னேரம் கெல்லரில், வாடகையில் தேய்ந்துபோன ஒரு பழைய சோடியை வைத்துக் காட்டினேன். துடைப்பதையும் கோடு போடுவதையும் பிடித்துக்கொண்டார். ஸ்திரிக்கைப் பெட்டியைக் கையில் எடுத்ததும் சட்டைக் கொலருக்கு அழுத்துவதுபோல முன்னும் பின்னும் அழுத்தத் தொடங்கினார்.

"உடுப்பில்லை அது. அழுத்தாதேங்கோ, சும்மா நடத்துங்கோ. நிப்பாட்டாதேங்கோ. ஆர் என்ன கேட்டாலும் கை நிக்கக்கூடாது. கதைக்கிறதெண்டால் அயனைத் தூக்கி வைச்சிட்டுக் கதையுங்கோ."

"ஓம், ஓம், விளங்குது."

"எங்கடை அயனையே கொண்டு போங்கோ. இதிலை சூட்டு முள்ளை ரெண்டு புள்ளியிலை வைச்சால் போதும். வேறை அயன் எண்டால் அந்தக் கணக்குச் சரிவராது, புகையைப் பாக்கோணும்."

"சனத்துக்கு முன்னாலை இந்தப் பழசையோ?" என்று சிரித்தார். "கடையிலை புதுசு வைச்சிருக்கினம்."

நான் கை ஓங்கியது நினைவிருக்கிறது. அடிக்க அல்ல, பெட்டியை வாங்கி வைக்கத்தான். இவர் ஒரு அடி பின்னால் போனார். கல்யாணம் கட்டி ஐந்து வருடத்தில் முதன்முறையாக இவர் எனக்குப் பயந்ததைக் கண்டேன்.

அடுத்த நாள் படியில் நடாலியைச் சந்தித்தேன். வெள்ளிக்கிழமை செய்து காட்டுவதற்குத் தன்னுடைய ஸ்கீயைத்தான் ப்ரூக்னர் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பருவத்தின் கடைசிப் போட்டி இருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்றாள். கடையில் ரூடி செய்கிறார் என்று சொல்கிறார்களே, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும்," என்றாள். சாவிக்கொத்தை விரலில் சுற்றினாள். "உங்களுக்குள் பேசி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அது உங்கள் வீட்டு விஷயம் இல்லையா?"

ஆக, கெல்லரில் என்னைக் கட்டிப்பிடித்தவளும் கடையில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஓம், வீட்டு விஷயம்தான் என்று சொல்லிவிட்டு மேலே வந்து கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். இவர் வருவதற்குள் முகம் கழுவிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இவர் புறப்படும்போது, "நீர் வரத் தேவையில்லை, மணம் ஒத்துவராது எண்டெல்லோ சொல்லிப்போட்டன்," என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அரை மணித்தியாலம் கழித்து நான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்குள் உடுப்புத் தாங்கிகளை ஒதுக்கிவிட்டு வரிசையாக மடக்குக் கதிரை போட்டிருந்தார்கள். அறுபது பேராவது இருப்பார்கள். ப்ரூக்னர் என்னைக் கண்டு பதறிப்போய்விட்டார்.

"ஃபிராவ் ரூடி, நீங்கள் வந்திருக்கிறீர்களா! இங்கே, இங்கே, கதவுக்குப் பக்கத்தில் இருங்கள். காற்று வரும். ஏலாமல் போனால் உடனே வெளியே போய்விடலாம்."

கடைசி வரிசையில், கதவோரக் கதிரையில் உட்காரவைத்தார். பக்கத்தில் இருந்த கிழவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது என் ஒவ்வாமை.

இவர் மேசைக்குப் பின்னால் நின்றார். ஒரு தரம் என்னைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. நடாலியின் முதல் ஸ்கீயை மல்லாத்தித் துடைத்தார். மணல்தாளைக் கட்டையில் சுற்றி நுனியிலிருந்து வாலுக்கு இழுத்தார். கோணாமல் இழுத்தார். சலவைக்கூடத்து மேசைவிரிப்புக் கதையையும் சொன்னார். என்னுடைய கதையைத்தான். "என் மனைவி ஹோட்டலில் வேலை செய்கிறாள், ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போனபோது நான் கவனித்தேன்," என்றார். சனம் 'ஆ' என்று வியந்தது. நான் மடியில் கைகளைக் கோத்துப் பிடித்துக்கொண்டேன். நகங்களுக்குள் மஞ்சள் மெழுகு இருந்தது, எவ்வளவு தேய்த்தும் போகாத மெழுகு. கடையின் புது ஸ்திரிக்கைப் பெட்டி சிவப்பாகப் பளபளத்தது. இவர் அதன் முள்ளைத் திருப்பி இரண்டு புள்ளியில் வைத்ததை நான் பின்வரிசையிலிருந்து கண்டேன். மெழுகைப் பிடித்ததும் சொட்டவில்லை, ஒழுகியது. சூடு கூட. ஆனால் கை நிற்கவில்லை. நுனியிலிருந்து வால்வரைக்கும் சீராக நடந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது: அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. சனம் கைதட்டியபோது என் கையும் தட்டுவதற்கு விரிந்துவிட்டது.

இரண்டாவது ஸ்கீ. இவருக்கு இப்போது துணிவு வந்துவிட்டது. மெழுகை ஒழுகவிட்டு, பெட்டியை நுனியில் வைத்து நடத்திக்கொண்டு வந்தார். நடுப்பகுதிக்கு வந்தபோது முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்ற ப்ரூக்னர் கேட்டார்:

"ரூடி, இதை வீட்டில் யாரும் செய்யலாம் என்கிறாயா? அவ்வளவு சுலபமா?"

இவர் நிமிர்ந்தார். முதலாளியின் முகத்தைப் பார்த்தார். "யா," என்றார். "யா, யா." அதோடு நிற்கவில்லை, பட்டறையைப் பற்றியும் திங்கட்கிழமையைப் பற்றியும் ப்ரூக்னர் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்ல, இவரும் சிரித்துக்கொண்டு நின்றார். கை நின்றுவிட்டது. பெட்டி நின்றுவிட்டது.

எல்லோருக்கும் முந்தி அது என் மூக்குக்கு வந்தது. மெழுகின் மணம் அல்ல, அதற்கடுத்த மணம். ஸ்கீயின் பிளாஸ்டிக் அடி வேகத் தொடங்கும் கசப்பு. பிறகு பெட்டியின் ஓரத்திலிருந்து நூல்போல நீலப்புகை எழும்பியது. இவர் கீழே குனிந்து அதைக் கண்டார். தூக்க வேண்டும் என்பதுகூட இவருக்குத் தோன்றவில்லை. இவருடைய கண்கள் அறுபது பேரையும் தாண்டி வந்து என்னில் நின்றன. படியிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்த அதே கண்கள். நான் எழும்பி நின்றேன். எப்போது எழும்பினேன் என்று தெரியாது. கதிரை பின்னால் மடங்கி விழுந்த சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள்.

"ஐயோ, மணம்!" என்றார் ப்ரூக்னர். "ஃபிராவ் ரூடிக்கு ஒத்துவரவில்லை. வழி விடுங்கள், வழி விடுங்கள்!"

பக்கத்தில் இருந்த கிழவர் பாய்ந்து கதவைத் திறந்து பிடித்தார். வரிசையில் இருந்தவர்கள் முழங்கால்களை ஒடுக்கி, கதிரைகளை இழுத்து, எனக்காக வாசல்வரைக்கும் ஒரு பாதை விட்டார்கள். யாரோ என் முழங்கையைப் பிடித்து மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினார்கள். மழையின் ஈரக்காற்று உள்ளே வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து மேசை பதினைந்து அடி. கதவு மூன்று அடி. பெட்டி இன்னும் ஸ்கீயின்மேல்தான் இருந்தது, புகை இப்போது விரல் தடிப்பில் எழும்பி, திறந்த கதவை நோக்கி என் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது.